சபாபதிக்குப் பொன்னாடை

சபாபதிக்குப் பொன்னாடை போர்த்தலாம் என்ற யோசனை வாணியுடையதுதான். பின்னால் அதை எத்தனை முறை திருப்பிப் போட்டுப் பார்த்தும் வேறு யார் தலையிலும் கட்ட முடியவில்லை.

கிள்ளானில் மேரு சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் கடைவீட்டு வரிசையில், கமலநாதனின் கெனோப்பிக் கம்பெனி இருக்கிறது. கல்யாண வீடு, சடங்கு வீடு, சாவு வீடு, எதுவானாலும் இரும்புக் கால் நட்டுக் கூடாரம் போட்டு, நாற்காலி மேசை இறக்கி, விளக்கும் காற்றாடியும் மாட்டிக் கொடுப்பது தொழில். முன்னால் ஆபீஸ், பின்னால் சாமான் கொட்டகை, அதற்கும் பின்னால் கூடாரத் துணி அலசுகிற சிமெண்டுத் தரை. ஆபீஸில் இருப்பது வாணி ஒருத்திதான். கணக்கு, ஃபோன், எந்த வீட்டுக்கு எந்த லோரி, எந்த லோரிக்கு எந்த ஆள், எல்லாம் அவள் பொறுப்பு. கமலநாதனை எல்லோரும் பாஸ் என்பார்கள். அவரும் அந்தப் பெயருக்குப் பழகி, வீட்டில் மனைவி பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நேரமாகும் என்று ஆட்கள் கிண்டல் செய்வார்கள்.

சபாபதி அங்கே வேலைக்கு வந்து இரண்டு தீபாவளி கடந்திருந்தது. பந்திங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். ஒல்லியான உடம்பு, நரை விழுந்த மீசை. வாணியைவிட வயதில் மூத்தவர்தான், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். வாணி அவரை அண்ணே என்பாள். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் லோரி கிளம்புமுன் ஆபீஸுக்குள் வந்து, பின் பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுத்து வாணியின் மேசையில் வைப்பார்.

"கம்பி மேல ஏறுறப்ப விழுந்துடுதுக்கா. சாயங்காலம் வாங்கிக்கிறேன்."

வாணி தன் மேசையின் லாச்சியை இழுத்து, அதை உள்ளே போட்டுப் பூட்டுவாள். வாசலில் நிற்கும் லோரி டிரைவர் இராமலிங்கம் ஒரு நாளும் சும்மா விடமாட்டார்.

"என்ன சபா, பேங்க்ல போட்டுட்டியா? வட்டி கேளு, விடாத."

"உன்னோட பர்ஸையும் குடுண்ணே, பூட்டி வைக்கச் சொல்றேன்."

"எனக்கு எதுக்கு லா. அதுல என் பொண்டாட்டி போட்டோதான் இருக்கு. அத எவன் எடுப்பான்?"

சபாபதி ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவர் என்பது வாணிக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தவர் ஒருவர் சொல்லிச் சேர்த்த ஆள், நீ கேள்விப்பட்டதாகக் காட்டிக்கொள்ளாதே, விஷயம் வெளியில் போகவேண்டாம் என்று பாஸ்தான் சொல்லி வைத்திருந்தார். மற்றவர்களிடம் சபாபதி, ஜொகூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்ததாகச் சொல்லியிருந்தார். என்ன கம்பெனி என்று யாரும் தோண்டவில்லை. கெனோப்பி வேலைக்கு வருகிறவன் முன்னால் எங்கே இருந்தால் என்ன, கால் நேராக நட்டானா என்பதுதான் கேள்வி.

அந்த வருடம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் சிறு வியாபாரிகளுக்கு வரி விளக்கக் கூட்டம் நடந்தது. பாஸுக்கு அப்படி உட்கார்ந்து கேட்கப் பொறுமை இல்லை. வாணியை அனுப்பினார். கொம்யூட்டர் ரயிலில் போய், சென்ட்ரலில் இறங்கி, பூக்கடைகளைத் தாண்டி நடந்துபோய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். பேசியவர் நெடுநேரம் பேசினார். அதில் ஒரு விஷயம் மட்டும் அவளை நிமிர்ந்து உட்கார வைத்தது. வேலை கிடைக்கச் சிரமப்படுகிற ஆட்களை, வயதானவர்களை, உடல் குறை உள்ளவர்களை, சிறையிலிருந்து வெளிவந்தவர்களை, முழுநேர வேலைக்கு வைத்திருந்தால், அவர்களுக்குக் கொடுத்த சம்பளத்தை வரிக் கணக்கில் இன்னொரு தடவை கழித்துக்கொள்ளலாம் என்றார்.

திரும்பி வரும் ரயிலில் வாணிக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்தால் அதற்கு அரசாங்கமும் ஒரு கை கொடுக்கிறது. உலகத்தில் இப்படி எங்கேயோ யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்களே என்று நினைத்தாள். ஜன்னலுக்கு வெளியே பச்சையும் தகரக் கூரையுமாக ஓடிக்கொண்டிருந்த எல்லாமே அன்றைக்குக் கொஞ்சம் கருணையோடு இருந்தன.

பாஸுக்கு விஷயம் இனித்தது. "அட, சபாபதிக்கு இப்படி ஒரு யோகமா? நமக்கா?" என்று சிரித்தார். அந்த வரிக் கழிவு கேட்பதற்குச் சிறை இலாகா கடிதம் வேண்டும். சபாபதியிடம் கேட்பது வாணியின் வேலையாயிற்று.

லோரி சாமான் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அவரை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். அவர் நாற்காலியில் உட்காரவில்லை. காலண்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இத யாரெல்லாம் பாப்பாங்கக்கா?"

"நானு, பாஸு, டேக்ஸ் பாக்குறவங்க. அவ்வளவுதான் அண்ணே. என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வெளிய போகாது."

அவர் காலண்டரை விட்டு அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னா சரி," என்றார்.

மறுநாள் காலையில் பர்ஸோடு சேர்த்து, கடிதம் வைத்த ஒரு பிளாஸ்டிக் உறையையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார். வாணி அதைப் பிரதி எடுத்துக்கொண்டு, அசலைத் திருப்பிக் கொடுத்தாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அதில் ஒரு சட்டப் பிரிவின் எண் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஃபோனில் அதைத் தேடிப் பார்த்தாள். வீடு புகுந்து திருடியது. பார்த்த பிறகு, அடுத்தவர் அலமாரியைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டாள்.

கழிவு கிடைத்தது. சபாபதி கம்பி ஏறினார், இறங்கினார். பர்ஸ் லாச்சிக்குள் போனது, வந்தது. எல்லாம் அப்படியே இருந்திருக்கும்.

கம்பெனிக்கு இருபது வயது நிறைந்ததற்குப் பாஸ் ஒரு விருந்து வைக்க நினைத்தார். பழைய வாடிக்கையாளர்கள், கோயில் தலைவர், வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள், ஆட்களின் குடும்பம் எல்லோரையும் கூப்பிட்டுக் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் சாப்பாடு. பாஸ் யார் யாருக்குப் பொன்னாடை என்று சொல்லச் சொல்ல வாணி எழுதிக்கொண்டாள். பாதியில் அவரே அலுத்துக்கொண்டார்.

"எல்லாம் வெளியாளாவே இருக்கு வாணி. கூட்டத்துக்கு வந்தா பொன்னாடை, போனா பொன்னாடை. இவங்க வீட்ல இத வச்சு ஜன்னலுக்குத் திரை தைக்கலாம்."

"நம்ம ஆள் ஒருத்தருக்குப் போர்த்துவோம் பாஸ். சபாபதி அண்ணனுக்கு."

"என்னன்னு சொல்லிப் போர்த்துறது? லிங்கம்தானே சீனியர். அவன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான்."

"உள்ளதச் சொல்லுங்க. உள்ள இருந்துட்டு வந்து, இவ்வளவு ஒழுங்கா வேலை பாக்குறாருன்னு."

பாஸ் யோசித்தார். "சொல்லலாமா? நான்தானே அன்னிக்கு வெளிய விடாதன்னு சொன்னேன்."

"இப்ப யாரு பாஸ் அதெல்லாம் பாக்குறாங்க? எல்லாரும் கை தட்டுவாங்க. கம்பெனிக்கும் நல்ல பேரு."

சொல்லும்போதே அவள் கண்ணுக்குள் அது நடந்துகொண்டிருந்தது. மண்டபம் முழுக்க எழுந்து நிற்கிறது. சபாபதியின் கண் கலங்குகிறது. இத்தனை நாள் தோளில் சுமந்த ஒன்றைக் கீழே வைக்கிறார். வாணி ஒரு தூண் ஓரமாக, யாருக்கும் தெரியாமல், பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் படத்தில் சபாபதியைவிடத் தூண் ஓரத்தில் நின்றவள்தான் தெளிவாகத் தெரிந்தாள். அதை அவள் அப்போது கவனிக்கவில்லை. தான் கொடுத்த வாக்கும் நினைவுக்கு வரவில்லை. நல்ல காரியத்துக்காகச் சொல்வது வெளியில் சொல்வதாகாது என்று எங்கோ ஓர் ஓரத்தில் நினைத்துக்கொண்டாளோ என்னவோ.

சபாபதியிடம் கேட்கவில்லை. பொன்னாடை போர்த்தப்போகிறோம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்கள், அது மரியாதைக்குச் சொல்கிற வேண்டாம் என்று நாமே எடுத்துக்கொண்டு போர்த்திவிடுவோம். விருந்துக்கு வாங்க என்று மட்டும் சொன்னாள். "நான் வெளிய லோரியப் பாத்துக்குறேனே," என்றார் அவர். கூச்சம் என்று எடுத்துக்கொண்டாள்.

விருந்தன்று கோயில் தலைவருக்குப் போர்த்தியாயிற்று. சங்கத்துக்காரர்களுக்குப் போர்த்தியாயிற்று. பாஸ் மைக்கைப் பிடித்தார். நாலு பேர் பார்க்க மைக் கைக்கு வந்தால் பாஸுக்கு வாய் தானாக நீளும்.

"கடைசியா நம்ம சபாபதி. மேல வாங்க சபாபதி. இவரு யாருன்னு நெறைய பேருக்குத் தெரியாது. இவரு ஜெயில்ல இருந்துட்டு வந்தவரு. நான் சொல்றதுக்கு வெக்கப்படல. யாரு இவருக்கு வேலை குடுப்பா? நாம குடுத்தோம். இன்னிக்கு வரைக்கும் ஒரு தப்புத்தண்டா கெடையாது. ஒரு ஆணி காணாமப் போனதில்ல. இதப் பாத்து கவர்மெண்டே நமக்கு டேக்ஸ்ல கழிவு குடுக்குதுன்னா பாருங்க."

கை தட்டினார்கள். வாணி நினைத்தபடியேதான் தட்டினார்கள். முன்வரிசையில் ஆரம்பித்து, பின்னால் போகப்போக மெலிந்து, கம்பெனி ஆட்கள் உட்கார்ந்திருந்த கடைசி மேசைக்கு வரும்போது நின்றுவிட்டது. இராமலிங்கம் ஒரு கோழித் துண்டைக் கையில் பிடித்தபடி, அதை வாய்க்குக் கொண்டுபோவதா தட்டில் வைப்பதா என்று தெரியாமல் இருந்தார்.

சபாபதி மேடையேறி வந்தார். பெயர் கூப்பிட்டதும் எழுந்து, கையைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, வரிசையில் நடப்பதுபோல் நடந்து வந்தார். அப்படி நடக்க எங்கே பழகியிருப்பார் என்பது வாணிக்குப் பார்த்ததும் புரிந்தது. பாஸ் ஜரிகை போட்ட சிவப்புப் பொன்னாடையை விரித்துத் தோளில் போர்த்தினார். சபாபதி குனிந்து கழுத்தைக் கொடுத்தார்.

"அங்கிள், கொஞ்சம் சிரிங்க," என்றான் போட்டோ எடுக்கிறவன்.

சிரித்தார்.

கீழே இறங்கி மேசைக்குப் போனதும் இராமலிங்கம் மெதுவாகத்தான் கேட்டார். ஆனாலும் வாணிக்குக் கேட்டது. "ஜொகூர்னு சொன்னியே சபா." சபாபதி பொன்னாடையை நாலாக மடித்து, மடியில் வைத்துக்கொண்டார். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் போனார். எழுந்து ஓடினால் இன்னும் பேசுவார்கள் என்பதற்காகச் சாப்பிட்டார் என்று தோன்றியது.

வாணி தூண் ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்து வந்த நாட்களில் யாரும் சபாபதியை ஒன்றும் கேட்கவில்லை. அவரைத் தவிர எல்லோரையும் கேட்டார்கள். வாணியிடம் ஒவ்வொருவராக வந்து, கோப்பித் தண்ணியை உறிஞ்சிக்கொண்டே, "எதுக்குக்கா உள்ள போனாரு? கேங்கா? போதை மருந்தா?" என்றார்கள். தெரியாது என்றாள். காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லாத வாக்கைக் காப்பாற்றுகிறோமே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

வேலையில்தான் மாற்றம் தெரிந்தது. கூடாரம் போடுகிற வீட்டில், வீட்டுக்குள்ளிருந்து கரண்டு இழுத்து வருவது எப்போதும் சபாபதியின் வேலை. உள்ளே போவார், வயரை மாட்டுவார், வீட்டுப் பெண்கள் அப்படியே அலமாரி மேலிருக்கும் அண்டாவை இறக்கித் தரச் சொல்வார்கள், ஒரு கிளாஸ் சிராப் தண்ணி கொடுப்பார்கள். இப்போது இராமலிங்கம் அவரை வாசலிலேயே நிறுத்தினார்.

"நீ வெளிய காலப் பாரு. உள்ள நான் போறேன்."

"வயர் உனக்கு வராதேண்ணே."

"வரும், வரும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் சபா. நாளைக்கு அந்த வீட்ல ஒரு மோதிரம் காணோம்னா, மொதல்ல யார் சட்டையப் பிடிப்பாங்க? நீயே சொல்லு."

இதை இராமலிங்கமே வந்து வாணியிடம் சொன்னார். தான் செய்தது சரிதானே என்று கேட்கிற முகத்தோடு சொன்னார். வாணிக்குத் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது உண்மையும்கூட.

பிறகு சிவகாமி ஆன்டியின் ஃபோன் வந்தது. பழைய வாடிக்கை. கிள்ளானிலேயே பெரிய வீடு. மூத்த மகள் கல்யாணத்துக்கும், மாமனார் காரியத்துக்கும் இவர்கள்தான் கூடாரம். இப்போது சின்ன மகள் கல்யாணம். விருந்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவர்களில் அவரும் ஒருவர்.

"வாணி, தப்பா நெனைக்காதம்மா. அன்னிக்குப் பொன்னாடை போட்டாங்களே, அவரு நல்ல மனுஷனாத்தான் இருப்பாரு. பாவம். ஆனா நம்ம வீடு கல்யாண வீடு. நகையெல்லாம் அங்க இங்கன்னு கெடக்கும். அவர மட்டும் அனுப்பாத, என்ன?"

"சரி ஆன்டி," என்றாள் வாணி. அந்தச் சரி எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் பின்னால் அவளைக் குத்தியது. ஃபோனை வைத்துவிட்டு அந்த வீட்டு வேலையிலிருந்து சபாபதியின் பெயரை எடுத்தாள்.

பாஸிடம் சொன்னபோது அவர் தலையைச் சொறிந்தார். "ஆளுங்க மனசு சின்னது லா. நாம என்ன செய்ய முடியும்? கொஞ்ச நாளைக்குப் பின்னால துணி அலசட்டும். முழுநேர வேலைதானே, கழிவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாது பாஸ்."

சரியான பதில்தான். கூட்டத்தில் கேட்டதை அப்படியே சொன்னாள்.

சபாபதி பின்கட்டுக்குப் போனார். வீடு வீடாகப் போய்வந்து அழுக்கேறிய கூடாரத் துணியைச் சிமெண்டுத் தரையில் விரித்து, நீளக் கைப்பிடி பிரஷ்ஷால் தேய்ப்பது. தனி ஆள் வேலை. கம்பி ஏறுவது இல்லாவிட்டாலும் காலையில் பர்ஸை மட்டும் வழக்கம்போல் வாணியிடம் கொடுத்தார். "தண்ணியில நனைஞ்சிடும்க்கா."

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம். லோரி வெளியே போயிருந்தது. பாஸ் பேங்குக்குப் போயிருந்தார். சாப்பாடு வாங்கப் போகவேண்டும், பர்ஸ் வேண்டும் என்று சபாபதி வந்தார். காலெல்லாம் சோப்பு நுரை. வாணி லாச்சியைத் திறந்து பர்ஸை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்தபடியே எழுந்தாள். அவளுக்குக் கழிப்பறைக்குப் போகவேண்டியிருந்தது, அதற்காகத்தான் அவர் வந்தபோதே பாதி எழுந்திருந்தாள்.

"இருங்கண்ணே, ஃபோன் வந்தா எடுத்து, இப்ப வந்துருவாங்கன்னு சொல்லுங்க," என்றாள்.

சொல்லிவிட்டு, நாற்காலியில் மாட்டியிருந்த தன் கைப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. கைப்பையை அதில் மாட்டினாள். மாட்டியபோதுதான் தெரிந்தது, இத்தனை வருடத்தில் அந்த ஆணியில் அவள் எதையும் மாட்டியதில்லை. கைப்பை முகத்துக்கு நேராகத் தொங்கியது. அதில் ஒரு தைலப் புட்டி, ஒரு சீப்பு, வீட்டுச் சாவி, கொஞ்சம் சில்லறை. எப்போது எடுத்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். கை எடுத்திருக்கிறது. அவளைக் கேட்காமல் எடுத்திருக்கிறது. அவருடைய பர்ஸை அவர் கையில் கொடுத்த அதே கை.

அவர் பார்த்திருப்பார்.

நெடுநேரம் குழாயைத் திறந்துவிட்டுக் கையைக் கழுவினாள். திரும்பி வந்தபோது ஆபீஸ் காலியாக இருந்தது. மேசைக்கு எதிரே அவர் நின்ற இடத்தில் ஈரமான காலடி இரண்டு. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கடை வரிசையின் அஞ்சடி நடைபாதையில், வெயில் அடிக்கும் பக்கமாக நின்றுகொண்டிருந்தார். உள்ளே தனியாக இருந்தார் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது என்று வெளியே போய் நின்றிருக்கிறார். அவளைப் பார்த்ததும் கதவை அரை அடி திறந்து, "ஃபோன் வரலக்கா," என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக் கடைப்பக்கம் நடந்தார்.

வாணி உட்கார்ந்தாள். கைப்பை இன்னும் தோளில் இருந்தது. கழற்றுவதற்குக்கூட வெட்கமாக இருந்தது. இராமலிங்கத்தை மனதுக்குள் எவ்வளவு திட்டியிருக்கிறாள். சிவகாமி ஆன்டியை எவ்வளவு திட்டியிருக்கிறாள். அவர்களாவது வாய் திறந்து சொன்னார்கள்.

ஏதாவது செய்தாகவேண்டும் போலிருந்தது. உடனே. சிவகாமி ஆன்டிக்கு ஃபோன் போட்டாள். சபாபதி அண்ணனும் வருவார், நான் பொறுப்பு, அவர் இல்லாமல் பெரிய கூடாரம் நேராக நிற்காது என்றெல்லாம் படபடவென்று பேசினாள். ஆன்டி மறுபக்கத்தில் பெருமூச்சு விட்டார்.

"நீ இவ்வளவு சொல்றதனால சரிம்மா. வரட்டும். ஆனா வெளியோட நிக்கட்டும். வாசப்படி தாண்ட வேணாம்."

வாணிக்கு அது வெற்றி மாதிரி இருந்தது. சபாபதி சாப்பிட்டுத் திரும்பி வந்ததும் பின்கட்டுக்குப் போனாள். வெள்ளைக் கூடாரத் துணி ஒன்று தரை முழுக்க விரிந்து கிடந்தது. ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"அண்ணே, சிவகாமி ஆன்டி வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்களும் போறீங்க. நான் பேசிட்டேன்."

அவர் பிரஷ்ஷை நிறுத்தினார். "நான் போக வேணாம்னு சொல்லியிருந்தாங்களா?"

அது அவருக்குத் தெரியாது என்பது வாணிக்கு அப்போதுதான் உறைத்தது. "இல்ல… முன்னாடி… இப்ப சரின்னுட்டாங்க. வெளி வேலைதான். உள்ள லிங்கம் அண்ணன் பாத்துக்குவாரு."

"வெளிய நிக்கலாமாம்," என்றார் அவர், துணியைப் பார்த்து. பிறகு மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

 வாணிக்கு இனி எதையும் உள்ளே வைத்துக்கொள்ள முடியாது என்று தோன்றியது. "என்னை மன்னிச்சுக்குங்கண்ணே. மத்தியானம் நான் பையை எடுத்துக்கிட்டுப் போனது…"

"அது உங்க பைக்கா. நீங்க எடுத்துக்கிட்டுப் போறீங்க."

"அது மட்டும் இல்ல. அன்னிக்கு மேடையில பாஸ் அப்படிப் பேசினாரே. அவரு யோசிக்கத்தான் செஞ்சாரு. நான்தான் சொல்லச் சொன்னேன்."

ரப்பர்க் குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நடந்துபோய்க் குழாயை மூடினார். திரும்பி வந்து நின்றார்.

"நீங்களா?"

"நல்லதுன்னு நெனச்சேன்."

"நான் பாஸ்தான்னு நெனச்சேன்." குரல் உயரவில்லை. கணக்கில் எங்கே தப்பு விழுந்தது என்று திரும்பிப் பார்க்கிறவர் மாதிரி பேசினார். "பாஸுக்கு வாய் நிக்காது. மைக்கப் புடிச்சா ஊர் வாயெல்லாம் அவரு வாயிதான். அது தெரிஞ்ச விஷயம். அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் என் சம்சாரம், அந்த ஆபீஸ் அக்காதான் சொல்லியிருக்கும்னா. நான் அவகூடச் சண்டை போட்டேன். அக்கா அப்படிச் செய்ய மாட்டாங்கன்னு. எங்கிட்டச் சொன்னாங்கன்னா சொன்னதுதான்னு. ரெண்டு நாளு அவகூடப் பேசல."

வாணி தரையைப் பார்த்தாள். நுரைத் தண்ணீர் அவள் காலைச் சுற்றிக்கொண்டு வடிகாலுக்கு ஓடியது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றார்.

"கேட்டா வேணாம்னிருப்பீங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது.

"ஆமா," என்றார் சபாபதி. "வேணாம்னிருப்பேன்."

 பக்கத்துப் பட்டறையில் யாரோ இரும்பை ராவுகிற சத்தம் கேட்டது. அவர் குனிந்து பிரஷ்ஷை எடுத்தார்.

"அந்தக் கழிவு அடுத்த வருசமும் உண்டா?"

"இருக்கும்னுதான் நெனைக்கிறேன்."

"அப்ப எனக்கு வேலையும் இருக்கும்." அதில் குத்தல் எதுவும் இல்லை. மழை வருமா என்று பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னார். "அந்த ஆன்டிக்கு ஃபோன் பண்ணி நான் வரலன்னு சொல்லிடுங்க. வேற ஆள் போட்டுக்குங்க. இத நானே கேக்குறேன். எனக்கு நல்லது பண்ணணும்னா, இத மட்டும் பண்ணுங்க."

வாணி ஆபீஸுக்குத் திரும்பி ஃபோன் போட்டாள். சிவகாமி ஆன்டியின் குரல் லேசாகிவிட்டது.

"நல்லதாப் போச்சும்மா. அவருக்கே புரியுது பாரு."

"அவருக்கு என்ன புரியணும் ஆன்டி?"

"என்னம்மா?"

வாணி வாயைத் திறந்தாள். எதிரே கதவுக் கண்ணாடியில் அவள் உருவம் தெரிந்தது, தோளில் கைப்பையோடு.

"ஒண்ணும் இல்ல ஆன்டி," என்றாள்.

மறுநாள் சீக்கிரமே வந்துவிட்டாள். கைப்பையை நாற்காலியில் மாட்டவில்லை. மேசையின் நடுவில், யார் வந்தாலும் கண்ணில் படும்படி, வாயைத் திறந்து வைத்தாள். வைத்துவிட்டுப் பார்த்தால் அதுவும் ஒரு மேடை மாதிரி இருந்தது. எடுத்துவிடலாமா என்று நினைப்பதற்குள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவசரமாக லாச்சியை இழுத்துத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சபாபதி அஞ்சடியில் மழைக்கோட்டைக் கழற்றி உதறினார். இராமலிங்கம் லோரிப் பக்கமிருந்து, "என்ன சபா, இன்னிக்குப் பேங்க் தொறக்கலையா?" என்றார். பழைய கிண்டலைத் தூசி தட்டி எடுத்துப் பார்க்கிறார், அது இன்னும் ஓடுமா என்று. சபாபதி அவருக்கு லேசாகத் தலையசைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே வரவில்லை. மேசை மேலிருந்த கைப்பையையும் திறந்திருந்த லாச்சியையும் பார்த்தார்.

"கொட்டகைச் சாவி வேணும்."

"பர்ஸ் குடுங்கண்ணே. நனைஞ்சிடும்."

அவர் பாதி திரும்பி, கால்சட்டையின் பின் பாக்கெட்டைத் தட்டிக் காட்டினார். புதிதாக ஒரு பட்டன் தைத்திருந்தது. சாம்பல் நிறக் கால்சட்டைக்கு நீல நூல். வீட்டில் கையில் கிடைத்த நூலில் அவர் சம்சாரம் தைத்திருக்கவேண்டும்.

"இருக்கட்டும் மேடம்," என்றார்.

அவர் உள்ளே வருவார் என்று வாணி கொஞ்சம் காத்திருந்தாள். அவர் கதவைப் பிடித்தபடி, நிலைக்கு அந்தப் பக்கமே நின்றார். வாணி லாச்சியை மூடினாள். சுவர் ஆணியிலிருந்து கொட்டகைச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து, கதவு வரைக்கும் நடந்துபோய், அவர் கையில் கொடுத்தாள்.